முன்னால் 21, பின்னால் 24

அப்பாவுக்கு இரண்டு எண்களில் அசைக்க முடியாத நம்பிக்கை இருந்தது. முன் டயருக்கு 21, பின் டயருக்கு 24. எங்கள் பிறந்த தேதியை யாராவது கேட்டால் சமையலறைப் பக்கம் திரும்பி அம்மாவைப் பார்ப்பார். நாங்கள் எத்தனையாவது படிக்கிறோம் என்பதிலும் ஒரு வகுப்பு முன்பின் ஆகும். ஆனால் ஹெரால்டுக்கு எத்தனை பவுண்டு காற்று என்று நடுராத்திரியில் எழுப்பிக் கேட்டாலும் பதில் தடுமாறாது.

எழுபதுகளின் திருச்சி அது. எங்கள் தெருவில் கார் வைத்திருந்தவர்கள் அம்பாஸிடர்காரர்கள், ஃபியட்காரர்கள் என இரண்டு ஜாதி. நாங்கள் எதிலும் சேராத ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். இரண்டாம் கையாக வாங்கியது. வண்டலூருக்குப் பக்கத்தில், ஜி.எஸ்.டி. ரோட்டு ஓரத்திலேயே இருந்த தொழிற்சாலையில் 1961 முதல் செய்தார்கள். ஆக, அசல் மெட்ராஸ் வண்டி. பூர்வீகம் இங்கிலாந்து, அங்கே ட்ரையம்ப் ஹெரால்ட் என்று பெயர். அதன் உருவத்தை வரைந்தவர் ஜியோவானி மிக்கெலாட்டி என்ற இத்தாலிக்காரர். வெள்ளைக்காரன் அந்த வண்டிக்குக் கடைசி வரை இரண்டு கதவுதான் வைத்தான். மாமியாரையும் அவர் கூஜாவையும் பின் ஸீட்டுக்குள் ஏற்றி இறக்கும் கஷ்டம் அவனுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. நாலு கதவு ஹெரால்ட் நம் ஊரில் மட்டும் வந்தது.

21, 24 என்ற அந்த வித்தியாசத்தில் அப்பா அவ்வளவு பிடிவாதமாக இருந்ததற்குக் காரணம் இருந்தது. ஹெரால்டின் பின் சக்கரங்கள் இரண்டும் தனித்தனியாக மேலும் கீழும் ஆடும் அச்சில் பூட்டப்பட்டவை. சாதா ரோட்டில் சொகுசு. வளைவில் வேகமாகப் போய், பயந்து ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று விட்டால் பின்பக்கம் எழும்பும்; வெளிப்பக்கச் சக்கரம் வண்டிக்கு அடியில் மடங்கப் பார்க்கும். அதன் பிறகு வண்டி எந்தத் திசையைப் பார்த்து நிற்கும் என்பதைக் கடவுள் தீர்மானிப்பார். முன் டயரில் காற்று சற்றுக் குறைவாகவும் பின் டயரில் சற்றுக் கூடவும் இருந்தால், பின்பக்கம் விலகுவதற்கு முன்னால் முன்பக்கம் பிடி தளரும். ஓட்டுகிறவனுக்கு அது ஓர் எச்சரிக்கை. அந்த மூன்று பவுண்டு வித்தியாசம் ஏற்காடு மலையின் கொண்டை ஊசி வளைவுகளில் எங்களுக்கு இன்ஷூரன்ஸ். நாலு டயருக்கும் ஒரே காற்று அடித்துத் தரும் பஞ்சர் கடைக்காரரை அப்பா கொலைகாரரைப் பார்ப்பதுபோலப் பார்த்ததில் நியாயம் உண்டு.

அளப்பதற்கு அவரிடம் ஒரு பென்சில் கேஜ் இருந்தது. மெட்ராஸ் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் வாங்கியது. சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்திலேயே இருக்கும். கல்யாண வீட்டில் மொய் எழுத அதைத் தவறி எடுத்ததும் உண்டு. விடியற்காலையில், வண்டி நகர்வதற்கு முன்னால் அளக்க வேண்டும் என்பது விதி. வால்வில் அழுத்தினால் ‘புஸ்’ என்று ஒரு சின்னச் சத்தம். கேஜின் வாலிலிருந்து கோடு போட்ட வெள்ளைக் குச்சி வெளியே நீளும். குறைந்தால் கால் பம்பு. அடித்து முடித்ததும் ஆள்காட்டி விரலை நாக்கில் தொட்டு எச்சிலை வால்வின் வாயில் தடவிவிட்டுக் காத்திருப்பார். குமிழி வரவில்லை என்றால் மூடியைத் திருகுவார். வந்தால் அன்றைய பயணம் ஒத்திவைப்பு. வாசலில் தட்டுத்தட்டாய் இட்லியைக் கட்டிக்கொண்டு அம்மா நிற்பாள்.

வண்டி ஓடிச் சூடான பிறகு அளந்தால் மூன்று நாலு பவுண்டு கூடத்தான் காட்டும். ஐந்தாறு டிகிரி சூடு ஏறினால் ஒரு பவுண்டு ஏறும் என்பது கணக்கு. ‘ஜாஸ்தியா இருக்கே’ என்று உளுந்தூர்பேட்டை வெயிலில் யாராவது காற்றை இறக்கிவிட்டால் மறுநாள் காலை டயர் பசியோடு நிற்கும். சூட்டில் ஏறின காற்று ஆறினால் தானே இறங்கும், அதில் கை வைக்காதே என்பது அப்பாவின் இரண்டாவது விதி.

டயர் சத்தம் என்று அந்தக் காலத்தில் யாரும் புகார் சொன்னதாக எனக்கு நினைவில்லை. சத்தமே இல்லை என்று அர்த்தமில்லை. கியர்பாக்ஸ் ஒரு பக்கம் ஊளையிடும், கதவுக் கண்ணாடி நாலும் நாலு தாளத்தில் நடுங்கும், டிக்கியில் ஜாக்கி உருளும், முன் ஸீட்டில் அத்தை பேசுவார். இத்தனைக்கும் நடுவில் டயரின் குரலைப் பிரித்துக் கேட்க தனிக் காது வேண்டும். அது அப்பாவுக்கு இருந்தது.

காலையில் கிளம்பியதும் முதலில் கேட்பது தட்-தட்-தட். அன்றைய டயர்களுக்குள் இருந்தது நைலான் நூல். ஓடிச் சூடான டயரை ராத்திரி முழுக்க ஒரே இடத்தில் பாரத்தோடு நிறுத்தினால், தரையைத் தொடும் இடம் தட்டையாகி அப்படியே ஆறிவிடும். நைலானின் சுபாவம் அது. மறுநாள் மறுபடி சூடேறும் வரை சுற்றுக்கு ஒரு தட்டல். அதை அப்பா பொருட்படுத்த மாட்டார். ஆனால் எங்கே நிற்கிறது என்று கவனிப்பார். காவிரிப் பாலத்துக்குள் நின்றால் எல்லாம் சுகம். ஸ்ரீரங்கம் தாண்டியும் தட்டினால் காற்று குறைவு. சமயபுரம் வரை நிற்கவில்லை என்றால் ஓரம் கட்டி இறங்கி, டயரின் பக்கவாட்டில் எங்காவது வீங்கியிருக்கிறதா என்று உள்ளங்கையால் தடவிப் பார்ப்பார். மாரியம்மனுக்குக் கும்பிடு போடுகிறார் என்று அத்தை பல வருடம் நம்பிக்கொண்டிருந்தார்.

வளைவில் ‘கீச்’ என்றால் முன் டயரில் காற்று இறங்கியிருக்கிறது, தோள்பட்டை தரையில் உரசுகிறது. நேர் ரோட்டில் தொம்தொம் என்று உடம்பெல்லாம் அதிர்ந்தால் காற்று அதிகம்; நடுப் பட்டன், அதாவது தரையைத் தொடும் ரப்பர்க் கட்டை, சீக்கிரம் தேயும். நேராகப் போகும்போது ஸ்டியரிங் தானாக ரோட்டின் பள்ளத்தைத் தேடிப் போவது நைலான் டயரின் பிறவிக் குணம், அதற்குக் காற்றைக் குறை சொல்லக் கூடாது.

இவற்றில் சேராத ஒரு சத்தம் ரீட்ரெட் டயருடையது. புது டயர் வாங்குவது குடும்ப பட்ஜெட்டில் நகை வாங்குவதற்கு அடுத்த வரி. ஆகையால் மொட்டையான டயருக்கு மேலே புது ரப்பர் ஒட்டித் தருவார்கள். பட்டன்கள் எல்லாம் ஒரே அளவில் வரிசையாக இருக்கும். ஐம்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் ஒவ்வொரு பட்டனும் ரோட்டில் மோதுகிற இடைவெளி ஒன்றேயாகி, எல்லாம் சேர்ந்து ஒரே சுருதியில் பாடத் தொடங்கும். “யாரோ பின்னாடியே அழுதுண்டு வரா மாதிரி இருக்கு, மெதுவாப் போங்கோ” என்பாள் அம்மா. அப்பா மெதுவாகப் போவார், சுருதி இறங்கும், அழுகிறவருக்கு ஆறுதல் கிடைத்ததாக நாங்கள் நினைத்துக்கொள்வோம். இன்றைய டயரில் பட்டன்களின் நீளத்தை வேண்டுமென்றே சின்னதும் பெரிதுமாக மாற்றி மாற்றி வார்க்கிறார்கள். அடி விழும் இடைவெளி ஒன்றுக்கொன்று ஒத்துவராததால் பாட்டு உடைந்து வெறும் இரைச்சலாகச் சிதறிவிடுகிறது.

விழுப்புரத்துக்கு முன்னால் ஒரு டீக்கடை. அங்கே நிற்கும் லாரிகளை அப்பா எங்களுக்குக் காட்டித் தருவார். கிளீனர் பையன் டயர் லிவரைக் கையில் எடுத்துக்கொண்டு சுற்றி வந்து ஒவ்வொரு டயரையும் ஒரு தட்டுத் தட்டுவான். பின்னால் இரட்டை டயர்; உள்ளே இருப்பதில் காற்று போனாலும் வெளியே இருப்பது தாங்கிக்கொண்டு கண்ணுக்குக் காட்டாது. தட்டினால் தெரியும். ‘டங்’ என்று எகிறினால் சரி, ‘தொப்’ என்றால் ஜாக்கியை எடு. அந்தப் பையனிடம் கேஜ் கிடையாது. எல்லா டயரையும் தட்டி முடிக்க அவனுக்கு எங்கள் டீ ஆறுகிற நேரம்கூட ஆகாது.

இனி இப்போதைய கதை.

அப்பா போன பிறகு ஹெரால்ட் என்னோடு நங்கநல்லூருக்கு வந்துவிட்டது. அது பிறந்த தொழிற்சாலை எண்பதுகளின் கடைசியில் மூடி, அந்தப் பக்கம் இன்று ஐ.டி. கட்டடங்களும் அடுக்குமாடிகளுமாக இருக்கிறது. வண்டிக்கு மட்டும் தன் ஊர் போய்விட்டது தெரியாது, ஞாயிற்றுக்கிழமைகளில் ஓடுகிறது. பழைய 5.20-13 நைலான் டயருக்குப் பதில் 155/80 ஆர்13 ரேடியல் போட்டிருக்கிறேன். வட்டம் ஏறக்குறைய அதேதான். பழைய கார் அபிமானிகள் சிலருக்கு இது பெரிய துரோகம். அவர்கள் அசல் நைலான் டயரைத் தேடித் தேடி, சில சமயம் கப்பலில் தருவித்துக்கூட மாட்டுகிறார்கள். எங்கள் அம்மா வாழ்நாள் முழுக்க எந்தத் தட்தட்டிலிருந்து தப்பிக்க நினைத்தாளோ, அதற்கு இன்று இறக்குமதி வரியும் கட்டத் தயாராக இருக்கிறார்கள்.

ரேடியலில் நூல்கள் ஓரத்திலிருந்து ஓரத்துக்கு நேராக ஓடும், அதன் மேல் எஃகுக் கம்பிப் பட்டை. பக்கவாட்டு மென்மையாக இருப்பதால், சரியான காற்றிலும் கீழே சற்று உப்பி நிற்கும். இதனால் மெட்ராஸில் என் வண்டிக்கு அக்கறையுள்ள சொந்தக்காரர்கள் பெருகிவிட்டார்கள். கிண்டி சிக்னலில் ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்து, “சார், டயர்ல காத்தே இல்ல” என்பார். அடுத்த சிக்னலில் ஸ்கூட்டரில் வரும் அம்மாள். முதலில் ரேடியலின் உடற்கூறை விளக்கிக்கொண்டிருந்தேன். இப்போது “ஆமாங்க, அடிக்கத்தான் போறேன்” என்று சொல்லிவிடுகிறேன். பச்சை விழும் நேரத்துக்குள் முடியும் பதில் அதுதான்.

அடிக்கப் போனால் பெட்ரோல் பங்க். காற்று இலவசம் என்று பலகை இருக்கும். பலகைக்குக் கீழே உள்ள மெஷின் பழுதாகியிருக்கும். இயங்கும் நாட்களில் அதைப் போன்ற துல்லியம் கிடையாது. எண்ணைப் பதித்துக் குழாயை மாட்டினால், தானே அடித்து, தானே நிறுத்தி, பீப் பீப் என்று கூப்பிடும். அந்த மெஷினில் எப்போதும் ஏற்கெனவே 33 பதித்திருக்கும். முன்னால் வந்த காருக்கு 33, பின்னால் வரப்போகும் காருக்கும் 33.

“முன்னாடி 24 வைப்பா, பின்னாடி 28” என்றேன். ரேடியலுக்காக அப்பாவின் எண்ணைக் கொஞ்சம் கூட்டி நான் வைத்துக்கொண்ட கணக்கு அது.

பையன் என்னை மேலும் கீழும் பார்த்தான். “அவ்ளோ கம்மியால்லாம் வைக்க முடியாது சார். வண்டி ஓடாது.”

“ஐம்பது வருஷமா ஓடுதுப்பா.”

“அதான் சார் இப்டி இருக்கு.”

எண்ணூறு கிலோ சொச்சம் எடையுள்ள ஹெரால்டுக்கு நாலு பக்கமும் 33 அடித்தால், அது ரோட்டைத் தொட்டும் தொடாமலும் துள்ளிக்கொண்டு போகும். மேம்பாலத்தின் ஒவ்வொரு இணைப்பிலும் டடக், டடக். முன்னுக்கும் பின்னுக்கும் இருக்க வேண்டிய வித்தியாசமும் போய்விடும். ஏற்காடு வளைவில் வேலை செய்த இன்ஷூரன்ஸை வேளச்சேரியில் இலவசமாக ரத்து செய்துகொடுக்கிறார்கள்.

இலவசம் பிடிக்காதவர்களுக்கு நைட்ரஜன் உண்டு. டயருக்கு இவ்வளவு என்று காசு. அடித்ததற்கு அடையாளமாக வால்வுக்குப் பச்சை மூடி. நைட்ரஜன் கெடுதல் அல்ல. ஈரம் இருக்காது, சற்று மெதுவாகக் கசியும். விமானத்துக்கு அது அவசியம்; பந்தயக் காரிலும் அடிக்கிறார்கள். நாம் மூச்சு விடும் காற்றில் 78 சதவீதம் அதுதான் என்பதை மட்டும் பங்கில் எங்கும் எழுதி வைப்பதில்லை. அப்பா கால் பம்பில் மிதித்து ஏற்றியதும் முக்கால் பங்குக்கு மேல் நைட்ரஜன்தான் என்று தெரிந்திருந்தால், பச்சை மூடி கேட்டிருப்பார்.

என் தம்பி மகன் எலெக்ட்ரிக் கார் வைத்திருக்கிறான். ஒருநாள் போனை நீட்டினான். “பெரியப்பா, ஆப்ல டயர் ஆரஞ்சு காட்டுது.”

“எவ்வளவு இருக்கணும்?”

“அதெல்லாம் அதுக்கே தெரியும்.”

கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் காற்று அளவு ஸ்டிக்கரை அவன் அதுவரை பார்த்ததில்லை. அவனைச் சொல்லிக் குற்றமில்லை. பார்க்க வேண்டிய அவசியம் வரவில்லை. ஆனால் இந்த ஆரஞ்சு விளக்கின் பொறுமையை நினைத்தால் ஆச்சரியமாக இருக்கிறது. அமெரிக்க விதி ஒன்று, காற்று குறிப்பிட்ட அளவிலிருந்து கால் பங்கு இறங்கிய பிறகு எச்சரித்தால் போதும் என்கிறது. 33-இல் கால் பங்கு எட்டு பவுண்டு. ஒரு குமிழிக்குப் பயணத்தையே ஒத்திவைத்த மனிதரின் பேரன், எட்டு பவுண்டு போகும் வரை நிம்மதியாகப் பாட்டுக் கேட்கலாம். நம் நாட்டிலும் 2020-இல் விதி மாறி, டியூப்லெஸ் டயரும் காற்று காட்டும் கருவியும் பஞ்சர் கிட்டும் இருந்தால் ஸ்டெப்னி தேவையில்லை என்று ஆகிவிட்டது. அவன் டிக்கியில் ஸ்டெப்னி இருக்க வேண்டிய பள்ளத்தில் கிரிக்கெட் மட்டை இருக்கிறது.

அவனுக்குக் காற்றைப் பற்றிக் கவலை இல்லை. சத்தத்தைப் பற்றி உண்டு. “எண்பதுல போனா டயர் சத்தம் தாங்கல பெரியப்பா” என்று ஷோரூமில் இரண்டு முறை புகார் எழுதிக் கொடுத்திருக்கிறான். ஏறி உட்கார்ந்து கேட்டேன். எனக்குக் கேட்டது ஏ.ஸி. சத்தம். உற்றுக் கேட்டால் அடியில் ஒரு ‘ஊம்’. என்ஜின் இல்லாத வண்டியில் மறைத்துக்கொள்ள இடமில்லாமல் டயர் தனியாக மாட்டிக்கொண்டுவிட்டது, அவ்வளவுதான். டயருக்குள் அடைபட்ட காற்றும் சும்மா இருப்பதில்லை. ரோட்டு அதிர்வில் அதுவும் சேர்ந்து ரீங்கரிக்கும். அதை அடக்க டயரின் உள்சுவரில் பஞ்சுப் பட்டை ஒட்டி விற்கிறார்கள், விலையும் அதற்கேற்ப. அதே எலெக்ட்ரிக் கார் மெதுவாகப் போகும்போது சத்தமே இல்லாமல் வந்து நடப்பவர் மேல் மோதிவிடக் கூடாது என்று, ஸ்பீக்கர் வைத்துச் செயற்கையாக ஒலி எழுப்ப வேண்டும் என 2019 முதல் ஐரோப்பாவில் சட்டம். ஓசையைக் கொல்லப் பஞ்சு, ஓசையை உண்டாக்க ஸ்பீக்கர். இரண்டுக்கும் பணம் கட்டுகிறவர் ஒருவரே.

இதையெல்லாம் சொல்வதால் பழைய டயருக்குக் கோயில் கட்டச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த டயர்கள் மோசம். மழையில் பிரேக் போட்டால் வண்டி யோசித்துவிட்டுத்தான் நிற்கும். பஞ்சர் இல்லாமல் மெட்ராஸ் போய்ச் சேர்ந்தால் வீட்டுக்குத் தந்தி கொடுக்கலாம் என்று இருந்தது. நடு வெயிலில் டியூபை உருவி, தண்ணீர்த் தொட்டியில் முக்கி, குமிழி வரும் இடத்தை உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, அது காயும் வரை புளிய மரத்தடியில் உட்கார்ந்திருந்த மணி நேரங்களை யாராவது திருப்பித் தந்தால் வேண்டாம் என்றுதான் சொல்வேன். ரேடியல் போட்ட பிறகு ஹெரால்ட் நேராகப் போகிறது, மழையில் நிற்கிறது, காலையில் தட்டுவதில்லை. நிறுத்தும்போது ஸ்டியரிங் கொஞ்சம் கனம். அது போகட்டும்.

எனக்குப் புரியாதது ஒன்றே. கேஜ் அபூர்வமாக இருந்த காலத்தில் கிளீனர் பையனுக்குக்கூடத் தன் டயரின் நிலவரம் தெரிந்தது. போனிலேயே காற்று தெரிகிற காலத்தில் எண் என்ன என்று கேட்டால் படித்தவர்களும் விழிக்கிறார்கள்.

பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு இரண்டு வார்த்தை. நைலானையும் ரேடியலையும் ஒரே அச்சில் கலக்காதீர்கள். கையில் இரண்டு ரேடியல்தான் இருக்கிறது என்றால் அவை பின்னால் போக வேண்டும், முன்னால் அல்ல. ஹெரால்ட் என்றால் முன்னைவிடப் பின்னால் கூட இருக்கட்டும். பங்க் பையன் என்ன சொன்னாலும் 33-க்கு இணங்காதீர்கள். மற்றவர்கள் நாளைக் காலை ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து, தூணில் இருக்கும் அந்த ஸ்டிக்கரைக் குனிந்து ஒரு முறை படித்துவிடுங்கள். வண்டி நகர்வதற்கு முன்னால் அளந்து பாருங்கள். டிக்கியில் ஸ்டெப்னி என்று ஒன்று இருந்தால், அதையும்.